வீட்டுக்குள் காம்பஸ் காட்டுவது எந்தத் திசை?

“ஏப்பா, நீ கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் பார்க்கிறவன். இந்த வீட்டு வாசல் கிழக்கா, வடகிழக்கா? வந்து பார்த்துச் சொல்லு.”

மதுரையில் இருக்கும் என் அத்தையிடமிருந்து இப்படி ஒரு போன். மாமாவின் ரிடையர்மென்ட் பணத்தில் புது ஃபிளாட் ஒன்றைப் பார்த்து, 1 லட்சம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். கிழக்குப் பார்த்த வாசல் என்று சொல்லித்தான் விலை பேசியிருந்தார்கள். ஆனால் தெரிந்த பையன் ஒருவன் செல்போனில் காம்பஸைத் திறந்து, நிலைவாசலில் வைத்துப் பார்த்து, “வடகிழக்கு, 52 டிகிரி” என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை. வீடு வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பி வராது. வேண்டும் என்றால் மனது ஒப்பவில்லை.

நான் என் போனை எடுத்துக்கொண்டு போனேன். நிலைவாசலில் 52 டிகிரிதான் காட்டியது. அதே பக்கம் பார்த்தபடி இரண்டடி பின்னால் வந்தேன். 81 டிகிரி. ஹால் நடுவில் 97. படுக்கை அறை மூலையில், தூணுக்குப் பக்கத்தில் 128. ஒரே வீட்டில், ஒரே பக்கம் பார்த்து நின்றபோது நான்கு திசைகள்!

போன் கெட்டுவிட்டதா? இல்லை. பையன் தவறாகப் பார்த்தானா? அதுவும் இல்லை. கட்டடத்துக்குள் காம்பஸ் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாததுதான் பிரச்சினை. வாஸ்து சரியா, தவறா என்று பேசுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. வாஸ்துவுக்கோ, தொழுகைக்கோ, மாடியில் சோலார் பேனல் வைக்கவோ, எதற்குத் திசை பார்த்தாலும் அந்தத் திசை உண்மையான திசையாக இருக்க வேண்டும் அல்லவா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

போனுக்குள் ஊசி இருக்கிறதா?

இல்லை. பழைய காந்த ஊசிப் பெட்டியில் ஒரு சிறிய காந்த ஊசி சுழன்று வடக்கு, தெற்காக நிற்கும். செல்போனில் இருப்பது மேக்னெட்டோமீட்டர் என்னும் மிகச் சிறிய சிப். 2008-ல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-லும், 2009-ல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்-லும் இது இருந்தது. விலை குறைந்த சில போன்களில் இன்றும் இது கிடையாது. போன் வாங்கும்போது சென்சார் பட்டியலில் மேக்னெட்டோமீட்டர் அல்லது இ-காம்பஸ் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்கவும்.

இந்த சிப், தான் இருக்கும் இடத்தில் உள்ள காந்தப் புலத்தை மூன்று பக்கமாக அளக்கிறது. போனின் அகலவாக்கில் எக்ஸ், நீளவாக்கில் ஒய், திரைக்குச் செங்குத்தாக இசட். போன் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை ஆக்ஸிலரோமீட்டர் என்னும் இன்னொரு சென்சார் சொல்லும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, “வடக்கு இந்தப் பக்கம்” என்று திரையில் படம் வரைவது சாஃப்ட்வேரின் வேலை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சிப் அளப்பது பூமியின் காந்தப் புலத்தை மட்டும் அல்ல. அந்த இடத்தில் இருக்கும் மொத்தப் புலத்தை. பக்கத்தில் இருக்கும் இரும்பின் பங்கும் அதில் சேர்ந்தே இருக்கும். எது பூமியுடையது, எது இரும்பினுடையது என்று பிரித்துச் சொல்ல சிப்புக்குத் தெரியாது. கூட்டுத்தொகையைப் பார்த்து, அதுதான் வடக்கு என்று சொல்லிவிடும்.

கான்கிரீட்டுக்குள் என்ன நடக்கிறது?

காந்தப் புலத்தை மைக்ரோ டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள். மதுரைப் பக்கம் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தின் அருகில் இதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். பூமியின் புலம் அவ்வளவு மெல்லியது.

இன்றைய வீடுகளில் தூண், பீம், தளம் எல்லாவற்றிலும் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பிகள் பூமியின் புலத்திலேயே லேசாகக் காந்தமாகின்றன. தயாரிப்பின்போதும், வெட்டி வளைக்கும்போதும் ஏறிய காந்தத்தன்மையும் அவற்றில் மிச்சம் இருக்கும். ஒரு கம்பியின் ஒரு முனை ஒரு பக்கம் இழுக்கும், அடுத்த கம்பி வேறு பக்கம் இழுக்கும். அதனால்தான் ஓரடி நகர்ந்தாலும் அளவு மாறுகிறது.

எவ்வளவு மாறும்? பூமியின் 40 மைக்ரோ டெஸ்லாவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் இரும்பின் புலம் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம்.

4 மைக்ரோ டெஸ்லா என்றால் சுமார் 6 டிகிரி தவறு.
7 என்றால் சுமார் 10 டிகிரி.
20 என்றால் சுமார் 27 டிகிரி.
40 என்றால் 45 டிகிரி. அதாவது கிழக்கு வடகிழக்காகிவிடும்!

நம் ஊரில் திசை பார்க்கிறவர்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள்? நிலைவாசலில். இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். வாசலை ஒட்டித் தூண், மேலே லின்டல் கம்பி, முன்னால் இரும்பு கிரில் கேட், ஃபிளாட் என்றால் எதிரிலேயே லிஃப்ட். அத்தை வீட்டு வாசலில் இவை நான்கும் இருந்தன.

மின்சார வயர்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வீட்டு மின்சாரம் ஏசி. நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவதால் அதன் பாதிப்பு பெரும்பாலும் சராசரியில் அடிபட்டுப் போகும். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரில் ஓடுவது டிசி. தனியாக ஓடும் ஒரு வயரில் 10 ஆம்பியர் போனால், ஓரடி தூரத்தில் சுமார் 7 மைக்ரோ டெஸ்லா வந்துவிடும். மேலே உள்ள கணக்கில் பாருங்கள், 10 டிகிரி போச்சு. பீரோ, இரும்புக் கட்டில், ஸ்பீக்கர், மிக்ஸி, காந்த மூடி வைத்த போன் கவர் ஆகியவையும் இதே பட்டியலில் சேரும்.

டிராமுக்குப் பயந்து ஊர் மாறிய ஆய்வகம்

இது இன்று வந்த தொல்லை அல்ல. மும்பை கொலாபாவில் 1826-ல் தொடங்கப்பட்ட ஆய்வகத்தில் பூமியின் காந்தப் புலத்தைப் பல ஆண்டுகள் அளந்து வந்தார்கள். நகரில் மின்சார டிராம் விடத் திட்டம் வந்தது. டிராம் ஓடினால் அளவுகள் கெட்டுவிடும் என்பதால், அளவெடுக்கும் வேலையையே கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள அலிபாக்குக்கு 1904-ல் கொண்டுபோனார்கள். அங்கே கட்டிய கட்டடத்துக்கு இரும்பு சேராமல், காந்தத்தன்மை இல்லாத பொருட்களாகப் பார்த்துப் பயன்படுத்தினார்கள். இரும்புக்கு நடுவில் நின்று பூமியின் காந்தத்தை அளக்க முடியாது என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். நாமோ கம்பிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு போனைக் குறை சொல்கிறோம்!

மதுரைக்கு ஒரு வசதி

காம்பஸ் விஷயத்தில் தென் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பூமியின் காந்தக் கோடுகள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும். லண்டனில் அவை தரைக்குள் செங்குத்தாக இறங்குவதுபோல 60 டிகிரிக்கும் மேல் சாய்ந்திருக்கும். காந்த நடுக்கோடு என்பது அவை தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு. அது தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. இதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே ஓர் ஆய்வு மையத்தை வைத்திருக்கிறது. மதுரை இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. இங்கே சாய்வு சில டிகிரி மட்டுமே.

இதனால் நமக்கு என்ன லாபம்? திசை காட்ட உதவுவது புலத்தின் படுத்திருக்கும் பகுதி மட்டும்தான். லண்டனில் அது சுமார் 20 மைக்ரோ டெஸ்லா. மதுரையில் ஏறக்குறைய முழு 40-ம் அதற்கே கிடைக்கிறது. அதே இரும்பு, அதே தூரம் என்றாலும் இங்கே தவறு ஏறக்குறைய பாதிதான்.

இன்னொரு லாபம், ஒரு சுலபமான சோதனை. போனைத் திரை மேலே பார்க்கும்படி சமமாக வைத்தால், நம் ஊரில் இசட் அளவு மிகக் குறைவாக, சில மைக்ரோ டெஸ்லா மட்டுமே இருக்க வேண்டும். (மைனஸ் குறி இருந்தால் பரவாயில்லை.) 15, 20 என்று காட்டினால் பக்கத்தில் இரும்பு விளையாடுகிறது என்று உடனே சொல்லிவிடலாம். லண்டன்காரர்கள் இந்தச் சோதனையை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

காந்த வடக்கும் உண்மை வடக்கும்

காம்பஸ் காட்டும் வடக்கும் மேப்பில் உள்ள வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கிலும் சிட்னியிலும் இது 12 டிகிரிக்கு மேல். மதுரையில் சுமார் 2 டிகிரி மட்டுமே, அதுவும் மேற்குப் பக்கம். காம்பஸ் காட்டும் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் உண்மைத் திசை கிடைக்கும். ஐபோனில் செட்டிங்ஸ் சென்று காம்பஸ் பகுதியில் ‘யூஸ் ட்ரூ நார்த்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே கழித்துவிடும். வீட்டு வேலைக்கு இந்த 2 டிகிரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது கம்பி செய்யும் 40 டிகிரியைப் பற்றித்தான்.

பத்து நிமிடச் சோதனை

வீட்டுக்குள் காம்பஸை நம்பலாமா என்று நீங்களே சோதிக்கலாம். ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற அப்ளிகேஷன் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இன்ஸ்டால் செய்து, காந்தப் புலம் அளக்கும் பகுதியைத் திறந்தால் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் எண்களாகத் தெரியும். போனில் ஏற்கெனவே உள்ள காம்பஸையும் தயாராக வைத்துக்கொள்ளவும்.

1. போன் கவரைக் கழற்றவும். கையில் வாட்ச், சாவிக்கொத்து வேண்டாம்.

2. வெளியில், வாகனங்கள் இல்லாத வெட்டவெளிக்குச் சென்று போனைக் காற்றில் 8 போடுவதுபோல் சில முறை சுழற்றவும். இதற்கு காலிபரேஷன் என்று பெயர். போனுக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் காந்தத்தின் பங்கைக் கழித்துவிட இது உதவும். இதை வீட்டுக்குள், தூணுக்குப் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள். தூணின் பங்கையும் சேர்த்துக் கழித்து, கணக்கையே கெடுத்துவிடும்.

3. வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அறையின் நடுவில் போடவும். தரையிலும் கம்பி இருப்பதால் போனைத் தரையில் வைக்கக் கூடாது. ஸ்டூலின் ஓரம் டைல்ஸ் கோட்டுக்கு நேராக இருக்கட்டும். போனின் ஓரம் ஸ்டூலின் ஓரத்துக்கு நேராக இருக்கட்டும்.

4. காட்டும் டிகிரியையும் இசட் அளவையும் குறித்துக்கொள்ளவும். ஸ்டூலைத் திருப்பாமல், அதே டைல்ஸ் கோட்டின் மீது மூன்றடி தள்ளி வைத்து மறுபடி குறிக்கவும். இப்படி ஐந்து இடங்களில் பார்க்கவும்.

போன் திரும்பவே இல்லை, நகர்ந்தது மட்டும்தான். எனவே ஐந்து எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தும் 5 டிகிரிக்குள் இருந்து, மொத்தப் புலமும் 40-ஐ ஒட்டி இருந்து, இசட் அளவும் குறைவாக இருந்தால் சராசரியை நம்பலாம். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள் காம்பஸை மூடி வைத்துவிடவும்.

சராசரி எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 358, 2 என்ற இரண்டு எண்களை எக்செல்லில் போட்டுச் சராசரி கேட்டால் 180 என்று வரும். வடக்கைப் பார்த்தவரைத் தெற்கே திருப்பிவிடும்! வடக்கை ஒட்டிய எண்களாக இருந்தால் 2-ஐ 362 என்று மாற்றிப் போட்டுச் சராசரி எடுக்கவும். 360 என்று வரும். சரியான வடக்கு.

அத்தை வீட்டில் ஐந்து இடத்தில் மூன்று இடங்கள் 94 முதல் 98 வரை காட்டின. மற்ற இரண்டும் தூணுக்கு அருகில் இருந்தவை, எங்கோ போய்விட்டன. கிழக்கு என்பதற்கு நல்ல அறிகுறிதான். ஆனால் 1 லட்சம் ரூபாய் விஷயத்தில் அறிகுறி போதாதே! எனவே அடுத்த வழிக்குப் போனோம்.

கம்ப்யூட்டரில் திசை பார்க்கலாம்

ஒரு கட்டடம் எந்தத் திசையில் நிற்கிறது என்று அறிய அதற்குள் போகவே தேவையில்லை. மேலிருந்து பார்த்தால் போதும். கூகுள் எர்த் ப்ரோ என்ற புரோகிராம் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து உங்கள் கட்டடத்தைத் தேடிப் பெரிதாக்கவும். டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைக் கிளிக் செய்து, லைன் டேபைத் தேர்ந்தெடுக்கவும். மொட்டை மாடியின் நீளமான ஓரத்தில் ஒரு முனையிலும், பிறகு மறுமுனையிலும் கிளிக் செய்யவும். நீளத்துடன் ஹெடிங் என்று ஒரு எண்ணும் வரும். அதுதான் அந்த ஓரத்தின் திசை, உண்மை வடக்கிலிருந்து டிகிரியில்.

உயரமான கட்டடங்கள் சாட்டிலைட் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தெரியலாம். பயப்பட வேண்டாம். ஓரத்தின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருப்பதால் திசை மாறாது. ஒரு முனையை மாடியிலும் மறுமுனையைத் தரையிலும் கிளிக் செய்துவிடாமல் இருந்தால் சரி. 20 மீட்டர் நீளமுள்ள ஓரத்தில் அரை மீட்டர் தள்ளிக் கிளிக் செய்தாலும் தவறு ஒன்றரை டிகிரிக்குள்தான் இருக்கும். வாசலில் காம்பஸ் செய்த 40 டிகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அத்தையின் வாசல் இருந்த பக்கத்துச் சுவரின் ஓரத்தைத் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு அளந்தேன். 4 டிகிரி. வாசல் அந்தச் சுவருக்குச் செங்குத்தாகக் கிழக்குப் பக்கம் பார்க்கிறது. எனவே 90-ஐக் கூட்டினால் 94 டிகிரி. நேர் கிழக்கு 90. நான்கே டிகிரிதான் வித்தியாசம்.

திசைகளைப் பேசும்போது மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்கு மாசி வீதி என்றால் கிழக்கு நோக்கி ஓடும் வீதி அல்ல. மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள வீதி. அது ஓடுவது வடக்கு தெற்காக. எனவே வீதியின் பெயரை வைத்து வீட்டு வாசலின் திசையை முடிவு செய்யாதீர்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளையும் இதே ரூலரால் அளந்து பாருங்கள், நல்ல பயிற்சியாக இருக்கும்.

மொட்டை மாடியில் ஒரு குச்சி

“கம்ப்யூட்டர் சொன்னது இருக்கட்டும், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்” என்றார் அத்தை. நியாயம்தான். இதற்கும் மதுரையிலேயே பழைய வழி இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் நெடுநல்வாடையில், அரண்மனை கட்டும் முன் சூரியன் உச்சிக்கு வரும் வேளையில் கோல்களை நட்டு, நிழலைப் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து அளந்த செய்தி வருகிறது. சூரியனுக்குக் கம்பியும் தெரியாது, கிரில் கேட்டும் தெரியாது!

செய்முறை இதுதான். மொட்டை மாடியில் சமமான இடத்தில் ஒன்றரை அடிக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தவும். காலை 10 மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைக்கவும். குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்தப் புள்ளியைத் தொடும்படி நூலும் சாக்பீஸும் கொண்டு ஒரு வட்டம் போடவும். நிழல் சுருங்கி, மதியத்துக்குப் பிறகு மீண்டும் நீளும். அதன் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாவது புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடு துல்லியமான கிழக்கு மேற்குக் கோடு. காலையில் வைத்த புள்ளி மேற்கு.

இனி மாடியின் கைப்பிடிச் சுவர் இந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று டேப்பால் பார்க்கவும். 100 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் விலகினால் 1 டிகிரி. அத்தை வீட்டில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் விலகல். அதாவது 4 டிகிரி. கூகுள் எர்த் சொன்னதும் அதேதான்.

இரண்டு தவறுகளை மட்டும் தவிர்க்கவும்.

“சூரியன் உதிப்பது கிழக்கு” என்று காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டித்தான் அது நேர் கிழக்கில் உதிக்கும். மதுரையில் ஜூன் கடைசியில் சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கும்.

“உச்சி வேளை நிழல் வடக்கே விழும்” என்பதும் எப்போதும் சரியல்ல. மதுரையில் ஏப்ரல் மாத நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். மாறும் நாட்களை ஒட்டி நண்பகலில் நிழலே இருக்காது. நண்பகல் என்பது கடிகாரத்தில் 12 மணியும் அல்ல. மாதத்தைப் பொறுத்து 12.01 முதல் 12.32 வரை மாறும். வட்டம் போடும் முறைக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது.

தொழுகைக்கும் டிஷ்ஷுக்கும்

புது வீட்டில் கிப்லா திசை பார்க்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் இதே பிரச்சினைதான். கிப்லா காட்டும் அப்ளிகேஷன்கள் கணக்கைச் சரியாகவே போடும். ஆனால் வடக்கு எது என்று கேட்பது அதே சிப்பிடம். மதுரையிலிருந்து கிப்லா சுமார் 292 டிகிரி. அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 22 டிகிரி. கூகுள் எர்த்தில் சுவரின் திசையை அளந்துவிட்டால், அந்தச் சுவரை வைத்தே இதைக் குறித்துவிடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை சூரியனே வழி காட்டும். மே 28-ஐ ஒட்டி நம் நேரப்படி மதியம் 2.48-க்கும், ஜூலை 16-ஐ ஒட்டி 2.57-க்கும் சூரியன் மக்காவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா.

மாடிகளில் உள்ள டிஷ் ஆன்டெனாவும் ஒரு திசைகாட்டிதான். டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜிசாட்-15 சாட்டிலைட், மதுரையிலிருந்து பார்த்தால் சுமார் 122 டிகிரியில் இருக்கிறது. கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 32 டிகிரி. படம் தெளிவாக வருகிறது என்றால் டிஷ் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. தோராயமாகச் சரிபார்க்க இது உதவும். ஊரின் அடையாளங்களும் அப்படித்தான். மாடியில் நின்றால் தெரியும் யானைமலை ஊருக்கு வடகிழக்கே, திருப்பரங்குன்றம் தென்மேற்கே. காம்பஸ் யானைமலையைத் தெற்கே காட்டினால் எதை நம்புவது என்று சொல்ல வேண்டியதில்லை.

குறையே நிறையாக

ஒரு வேடிக்கை. கட்டடக் கம்பிகள் காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் கோணலாக்குகின்றன அல்லவா? அந்தக் கோணல் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி, கைரேகைபோல. அதை முன்கூட்டியே அளந்து மேப்பாக வைத்துக்கொண்டால், ஜிபிஎஸ் கிடைக்காத மால், விமான நிலையம் ஆகியவற்றுக்குள் போன் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பின்லாந்தின் இன்டோர்அட்லஸ் என்ற நிறுவனம் 2012 முதல் இதையே தொழிலாகச் செய்கிறது. திசை சொல்ல முடியாத சிப், இடம் சொல்ல உதவுகிறது!

சுருக்கமாகச் சொன்னால், கட்டடத்தின் திசையை வெளியில் ஒரு முறை சரியாகக் கண்டுபிடியுங்கள். மேப்பில் ஒன்று, நிழலில் ஒன்று என இரண்டு வழியில் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்குள் சுவர்களே உங்களுக்குக் காம்பஸ். ஒரே இடத்தில் நின்று போன் காட்டிய ஒரே ஒரு எண்ணை வைத்துச் சுவரை இடிக்கவோ, அட்வான்ஸை விடவோ வேண்டாம்.

அத்தை அந்த ஃபிளாட்டிலேயே குடியேறிவிட்டார். மொட்டை மாடியில் போட்ட சாக்பீஸ் வட்டத்தை அடுத்த மழை அழித்துவிட்டது. ஆனால் 94 என்ற எண் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தின் உறை மேல் பென்சிலால் எழுதி, பீரோவுக்குள் வைத்திருக்கிறார்!